இன்னாசியம்மாளின் டிரம்

கீரனூரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருபது வருடமாகத் துப்புரவு வேலை பார்ப்பவர் இன்னாசியம்மாள். ரத்தம் தோய்ந்த பஞ்சையும் துணியையும் மஞ்சள் பையில் கட்டி, கழிவு வண்டி வரும்வரை காவல் காப்பது அவர் பொறுப்பு. வண்டி வராத நாட்களில் ஆஸ்பத்திரியே மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத்தான் பார்க்கும்.

போன வருடம், புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும் வனிதா, முறையாக அனுமதி வாங்கி, ஒரு நீல டிரம்மோடு வந்து இறங்கினார். நீராவியில் வைத்துக் கிருமி நீக்கிய பஞ்சை அதில் போட்டு, சாணத்தில் இயல்பாகவே வாழும் நுண்ணுயிரிகளை விட்டு, வெல்லத் தண்ணீரும் ஊற்றிவந்தால் அவை அதைத் தின்று உரமாக்கிவிடும் என்றார்.

"கண்ணுக்கே தெரியாதுங்கிறீங்க. தின்னுச்சா இல்லையான்னு நான் எப்புடிம்மா பாக்குறது?"

"தின்னா சூடு ஏறும்மா. அம்பத்தஞ்சு டிகிரி வந்தா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். தெனமும் எழுதி வைங்க."

எழுத நோட்டு இல்லை. இன்னாசியம்மாள் நர்ஸ் பிளெஸ்ஸியிடம், நோயாளி விவரம் எழுதும் கேஸ் ஷீட் ஒன்றை வாங்கி டிரம்மில் தொங்கவிட்டார். அச்சடித்த கட்டங்களைக் காலியாக விட மனம் வராமல் எல்லாவற்றையும் நிரப்பினார். ஒன்பதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. தாள் நனையாமலிருக்க, நர்ஸ் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஆத்மநாதன் அதை எடுத்துப் படித்தார். வயது: ஒன்பது நாள். காய்ச்சல்: ஐம்பத்தைந்து. ஆகாரம்: இரண்டு வேளையும் வெல்லத் தண்ணீர், சாணம் ஒரு கை.

"பிளெஸ்ஸி! எந்தப் பச்சப்புள்ளைக்குச் சாணம் குடுத்தீங்க?"

டாக்டர் தொட்டில் தொட்டிலாக ஓடினார். தாய்மார்கள் பிள்ளைகளை வாரி அணைத்துக்கொண்டார்கள். டீ வாங்கிக்கொண்டு வந்த ஒரு தகப்பன், எதற்கும் இருக்கட்டும் என்று தன் குழந்தையின் வாயை மோந்து பார்த்தான்.

துடைப்பமும் கையுமாக வந்தார் இன்னாசியம்மாள். "பதறாதீங்க டாக்டரய்யா. அது நம்ம டிரம்மு. கொல்லையில நிக்கிது. நல்லாத்தான் இருக்கு."

டாக்டர் மழையில் நனைந்துகொண்டே போய் டிரம்மைப் பார்த்துவிட்டு வந்தார்.

இரண்டு மாதத்தில் பஞ்செல்லாம் கறுப்பு மண்ணாகப் பொலபொலத்தது. பரிசோதனையில் நோய்க்கிருமி எதுவும் இல்லை. பூச்செடிகளுக்கு மட்டும் போடலாம் என்று வனிதா சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த செம்பருத்தி இலை தெரியாமல் பூத்தது.

ஒருநாள் டாக்டர் கொல்லைப்பக்கம் தனியாக வந்தார். "வீட்டுல ரோஜா பூக்கவே மாட்டேங்குது. ஒரு பை கெடைக்குமா?"

"தாரேன். அடுத்த டிரம்ம இன்னைக்குக் கெளறணும். எனக்கு இடுப்பு வலி." கையுறையையும் கழியையும் நீட்டினார்.

டாக்டர் கிளறினார். நான்கு சுற்றிலேயே மூச்சு வாங்கியது.

"அடி வரைக்கும் கெளறுங்கய்யா. மேலாப்புல கெளறுனா ரோசாவும் மேலாப்புலதான் பூக்கும்."

டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.