கப்பல் குரங்கும் இரண்டு அம்மைகளும்

எனக்குக் கல்யாணம் பேசி முடித்த வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு குரங்கு வந்தது. சிரிக்க வேண்டாம், மாப்பிள்ளையைச் சொல்லவில்லை. நிஜமான குரங்கு, கப்பலில் வந்தது.

அப்பா கொப்பரை வியாபாரி. எங்கள் ஊரான கருங்கல்லில் இருந்து மாட்டுவண்டியில் குளச்சலுக்குச் சரக்குக் கொண்டுபோவார். அங்கே அவரிடம் கொப்பரை எடுக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் நல்ல சிநேகிதர். ஆப்பிரிக்காப் பக்கம் போய்வந்த கப்பல்காரன் ஒருவன் அவரிடம் விட்டுப்போன குட்டியை அப்பா கேட்டு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கறுத்த முகம், பாசி நிறத்தில் முதுகு. நம் ஊர்க் குரங்குகளின் சேட்டை அதற்குத் தெரியாது. அதற்கென்று தனியாக வேறு சேட்டைகள் வைத்திருந்தது.

அம்மைக்கு அதைக் கண்டாலே ஆகாது. எங்கள் ஊரில் பெற்றவளை அம்மை என்றுதான் சொல்வோம். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அது அவியல் சட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு முருங்கைக்காயாகப் பொறுக்கித் தின்றது. அதைப் பார்த்து அப்பா சிரித்ததுதான் தப்பு.

"அது சின்னப்பிள்ள மாதிரில்லா, விடு" என்றார்.

"அப்பம் அதையே வச்சுக் குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு அம்மை சேலை நான்கை மூட்டை கட்டி, திங்கள்சந்தையில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா கூப்பிடப் போகவில்லை. அவளும் வரவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு. நடுவில் நான்.

செய்தி கோட்டாற்றில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மை நேர்பேச்சுக்காரி. பெண்ணைப் பெற்றவள் வீட்டில் இல்லாமல் தாலி கட்ட முடியாது, அவள் வந்த பிறகு நாள் குறிக்கலாம் என்று சொல்லி அனுப்பினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. குரங்கு மேல் பாதி, அப்பா மேல் பாதி. ஆனாலும் பழம் கொடுக்கிறது நான்தான். அது என் கையைப் பிடித்துக்கொண்டு தின்னும்போது கோபத்தை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

கொஞ்ச நாளில் குரங்கின் உதட்டில் புண் வந்தது. சோர்ந்து கிடந்த அதற்கு ஊட்டப் போனபோது கையில் லேசாகக் கடித்தது. கடித்த இடத்தில் முதலில் ஒரு முத்து எழும்பியது. அப்புறம் காய்ச்சல். பிறகு மணிக்கட்டில், நெற்றியில், மோவாயில் என்று முத்துகள். அப்பாவுக்கும் குரங்கு உட்காரும் தோளில் இரண்டு. அதைத் துண்டு போட்டு மறைத்துக்கொண்டார்.

வைசூரிதான் என்று பயந்து வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பு நின்றது. உரக்கப் பேசக் கூடாது, யாரையும் ஏசக் கூடாது, எதையும் விரட்டக் கூடாது. தெய்வம் வந்திருக்கிற வீடல்லவா? கல்யாணப் பேச்சைத் தள்ளி வைக்கச் சொல்லிவர, தனி வீட்டில் இருக்கும் சித்தப்பாவை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசிக் கோட்டாற்றுக்கு அனுப்பினார் அப்பா.

சித்தப்பா நல்ல மனுஷர். ஆனால் வாயில் எப்போதும் வெற்றிலை, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் இடையில் வண்டி கட்டிப் போய்வரலாம். அங்கே போய் நின்று, "வீட்டுல அம்மை வந்திருக்கா" என்றார். நோயையும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம், வந்தவள் தெய்வம் என்பதால். அடுத்த வாக்கியத்துக்கு அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவதற்குள் அங்கே ஒரே சந்தோஷம். சம்பந்தி கோபம் தீர்ந்து வந்துவிட்டாள் என்று இலை போட்டுப் பாயசம் வைத்துவிட்டார்கள். பாயசத்தின் முன்னால் உட்கார்ந்து அந்தப் பேச்சை எடுக்க அவருக்கு மனசு வரவில்லையாம். திரும்பி வந்து, "சொல்லியாச்சு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வாசலில் வண்டி நின்றது. மாப்பிள்ளையின் அம்மை, மட்டிப்பழக் குலை, தாம்பாளம் நிறையப் பிச்சிப்பூ. இறங்கி வந்தவள் நிலையில் வேப்பிலையைப் பார்த்தாள். உள்ளே பாயில் என்னைப் பார்த்தாள். முகம் பூராவும் வேப்பிலை அரைப்பு.

"எம்மோ, இந்த அம்மையா வந்திருக்கா!" என்றாள்.

பழக்குலையை நிலையோரம் இறக்கி வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி வண்டியில் ஏறிவிட்டாள். அம்மை கண்ட வீட்டில் போயிட்டு வாறேன் என்று சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் அழுதேன். முகமும் போச்சு, கல்யாணமும் போச்சு என்று அழுதேன்.

அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. வழியில் திங்கள்சந்தையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அம்மை கண்ட வீட்டில் இருந்து வருகிறவள் இன்னொரு வீட்டில் கால் வைக்கக் கூடாது. அதனால் தெருவில் நின்ற வண்டியில் இருந்தே, ஊர் பூராவும் கேட்கும்படி கூப்பிட்டாளாம்.

"மைனி, ஒங்க மகளுக்கு அம்மை வந்திருக்கா. நீங்களும் அம்மைதானே? போங்க. ஆவணியில நாள் பாப்போம்."

அம்மை விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வந்துவிட்டாள். சேலை மூட்டையும் கையுமாக வேகமாக நடந்து வந்திருந்தாள், மூச்சு வாங்கியது. அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தவள் வேப்பிலையைப் பார்த்து மூடிக்கொண்டாள். ஏச முடியாதே! என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டாள். எனக்குக் காய்ச்சல் அப்போதே பாதி இறங்கியது போல் இருந்தது.

பிறகு மூலையில் சுருண்டு கிடந்த குரங்கைப் பார்த்தாள். உதட்டுப் புண்ணைக் குனிந்து பார்த்தாள்.

"இதுக்கும் அம்மை வந்திருக்கா" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு அரைத்த அரைப்பில் அதற்கும் பூசினாள். எனக்கு ஆற்றிய கஞ்சியில் அதற்கும் ஒரு சிரட்டை. அது அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு குடித்தது. அப்பா தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை, அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

சர்க்காரில் இருந்து அம்மை குத்துகிறவர் வந்து பார்த்தார். என் கையில் சின்ன வயதில் குத்திய தழும்பைப் பார்த்தார், முத்துகளை எண்ணுகிற மாதிரி பார்த்தார், குரங்கைப் பார்த்தார். வைசூரி இப்படி இராது, மிருகத்துக்கு வருகிற ஏதோ ஒன்று கடியில் ஏறியிருக்கிறது, அதற்குமேல் தனக்குத் தெரியாது என்றார். வைரஸ் என்கிற வார்த்தையை நான் கேள்விப்பட்டதே கிழவியான பிறகுதான். மோவாயில் மிச்சமிருக்கும் குழியைத் தொட்டுப் பார்த்து, ஓகோ நீதானா அது என்று நினைத்துக்கொண்டேன்.

முத்துகள் காய்ந்து உதிர ஆரம்பித்தபோது எனக்கு வேறு பயம் வந்தது. தலைக்குத் தண்ணீர் விட்டால் வேப்பிலையை எடுத்துவிடுவார்கள். ஏசவும் சண்டை பிடிக்கவும் தடையில்லை. அம்மையின் சேலை மூட்டை இன்னும் அவிழ்க்காமலே மூலையில் இருந்தது. இன்னும் கொஞ்சம் முத்து இருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

தண்ணீர் விட்டார்கள். நான் ஈரத் தலையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப் பார்த்து, "ஏட்டி, அம்மை போயாச்சா?" என்று கேட்டாள். வாசல் வழியாக என் கண் உள்ளே, மூட்டை இருந்த மூலைக்குப் போயிற்று. அங்கே மூட்டை இல்லை.

அடுக்களையில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. கூடவே, அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த குரல் முழு உரத்தில் வந்தது.

"அவ போயாச்சு. நான் போவல்ல!"