பக்கம் மாற்றச் சொல்லி இரண்டு மனு

எட்டு வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டார்கள், வீக்கம் வடிந்தது, கூடவே இடது காதும் போய்விட்டது. போன சங்கதி வீட்டுக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆனது. தென்காசியில் சோதித்துப் பார்த்த டாக்டர், இன்னொரு காது நன்றாக இருப்பதால் மாற்றுத்திறனாளி அட்டைக்கு வேண்டிய சதவீதம் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆக, நான் செவிடனும் இல்லை, காது கேட்கிறவனும் இல்லை. ஆண்கள் பள்ளியில் படித்தவரை எங்கே தோதோ அங்கே உட்கார்ந்து ஒப்பேற்றிவிட்டேன். சங்கரன்கோவிலில் கல்லூரிக்கு வந்தபிறகுதான் வசமாகச் சிக்கிக்கொண்டேன்.

எங்கள் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தால் இடது பாதி பெண்கள், வலது பாதி ஆண்கள். நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவு இடைவெளி. எங்கும் எழுதிவைத்த விதி இல்லை. ஆனாலும் அதைத் தாண்டி யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆசிரியர் அந்த இடைவெளிக்கு நேரே நின்று நோட்ஸ் சொல்லுவார். அது என் செத்த காதுப் பக்கம். நல்ல காதுப் பக்கம் ஜன்னல், அதற்கு வெளியே ரோடு. முதல் செமஸ்டர் முழுக்க நான் ஒழுங்காகக் கேட்டது சிவகிரி பஸ்ஸின் ஹாரனைத்தான்.

பாடம் கேட்க வேண்டுமென்றால் முகத்தை இடது பக்கம் திருப்பி, வலது காதை முன்னால் கொடுக்க வேண்டும். திருப்பினால் கண் போய் நிற்பது பெண்கள் பெஞ்சில். அதுவும் மணிக்கணக்காக. ஒரே வாரத்தில் என் பெயர் கெட்டது. பின் பெஞ்சுக்காரர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள், அதை இங்கே எழுத முடியாது. கண்ணை மூடிக்கொண்டு திரும்பி உட்கார்ந்து பார்த்தேன், தூங்குகிறேன் என்று வெளியே அனுப்பினார்கள். கழுத்து வலிக்கும், பேனாவை உருட்டுவேன், காலை ஆட்டுவேன், எழுந்து ஓடிவிடலாமா என்று இருக்கும். முதல் வருஷத்தில் மூன்று அரியர் விழுந்தது. மூன்றாம் செமஸ்டரும் இப்படியே போனால் படிப்பை விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

அதற்கு முன் ஒரு மனு எழுதிப் பார்ப்போம் என்று தோன்றியது. இடது பக்க முதல் பெஞ்சில் ஓர் இடம் வேண்டும் என்று எழுதி, கணிதத் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். எங்களுக்கு இயற்கணிதம் எடுப்பவரும் அவர்தான். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொம்பளப் பிள்ளைக பக்கத்துல ஒனக்கு எடம் வேணும். அதைக் காதுன்னு எழுதிக் கொண்டாந்திருக்க, அப்படித்தானவே?"

அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் எப்படி நம்புவது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு, இடது பக்கம் நின்று என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் சார் என்றேன். அவர் எழுந்து வந்து என்னவோ சொன்னார். அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் சிரித்ததைப் பார்த்துத்தான் அவர் பேசிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். சொன்னது என்னவென்று இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு பையனைப் பெண்கள் பக்கம் உட்காரவைக்க அவரால் முடியாது. அதற்காக அவர் கண்டுபிடித்த வழி வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. மறுநாள் வகுப்புக்கு வந்து, மொத்த வகுப்பையும் எழுப்பிப் பக்கம் மாற்றிவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு பெண்களெல்லாம் ஜன்னல் பக்கம் போனார்கள், நாங்கள் சுவர்ப் பக்கம் வந்தோம். ஃபேன் காற்று போச்சே என்று பையன்கள் என்னைத் திட்டினார்கள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆசிரியர் இப்போது என் வலது பக்கம். நேராக உட்கார்ந்து, கரும்பலகையைப் பார்த்து, முழு வாக்கியம் முழு வாக்கியமாகக் கேட்டேன். சந்தோஷத்தில் அன்று அழுகை வரப் பார்த்தது.

இரண்டு வாரம் கழித்துக் கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். வகுப்பில் எப்போதும் முதலாவதாகப் பதில் சொல்லும் பெண் வந்து, என் இயற்கணித நோட்டைக் கேட்டாள். என் நோட்டை யாரும் கேட்டதே இல்லை. மெஷின் சத்தத்தில் சரியாக விளங்காமல் நான் வலது காதைக் கொடுத்தேன். நான் பதில் சொன்னபோது அவளும் தன் வலது காதைக் கொடுத்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் வாய் திறந்து சொல்லும் முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, அவளுக்கும் இடது காது கேட்காது.

மாற்றியதிலிருந்து துறைத் தலைவர் கேள்வி கேட்டால் அவள் பேசாமல் நிற்பதும், படிக்கிற பிள்ளைக்கு என்ன கேடு வந்தது என்று அவர் ஏசுவதும் எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

"என்னை மாதிரி நீங்களும் சொல்ல வேண்டியதுதான" என்றேன்.

"வீட்டுல மாப்பிள்ளை பாக்காங்க" என்றாள். "நீங்க திரும்பிப் பாத்ததுக்கே அத்தனை பேச்சு. நான் பையங்க பக்கம் திரும்பி உக்காந்தா என்ன சொல்லுவாங்க?"

நோட்டைக் கொடுத்தேன். பழையபடி மாற்றச் சொல் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், நிச்சயமாக. கேட்காமல் போனதுதான் என்னை நாலு நாள் அலைக்கழித்தது. அவள் நல்ல பெயரோடு இருப்பாள், தொல்லை பிடித்தவன் என்ற பெயர் மட்டும் எனக்கா என்று அவள்மேல் எரிச்சல்கூட வந்தது. நோட்டில் வகுப்பறையைக் கட்டம் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஆசிரியர் வலது கோடியில், ஜன்னலோரம் நின்றால் வகுப்பில் எல்லோருக்குமே அவர் வலது பக்கம். சுவரோரம் இருக்கும் எனக்குத்தான் ரொம்பத் தூரம்.

இரண்டாவது மனுவில் அதைக் கேட்டேன், என் காதைச் சொல்லியே கேட்டேன்.

"இப்பதான் நல்லாக் கேக்குன்னு சொன்ன?"

"சில நேரம் கேக்க மாட்டேங்கு சார்" என்று பொய் சொன்னேன்.

"மாசத்துக்கு ஒரு மனு கொண்டாருவியாவே? ஒனக்காகக் காலேஜையே திருப்பி வைக்கணுமா?"

அவளுக்கும்தான் சார் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு நின்றேன். நம்பி ஒருமுறை உதவிய மனிதர் என்னைப் பித்தலாட்டக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அது அந்தப் பட்டப்பெயரைவிட வலித்தது. வேண்டுமென்றால் ஆசிரியர் மேசையை நீயே இழுத்துப் போட்டுக்கொள் என்றார். வகுப்பு மொத்தமும் சிரிக்க, மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே அவர் அந்த மூலையில் நின்று பாடம் நடத்தினார். நடுவில் நிறுத்தி, அவளை எழுப்பி ஒரு கேள்வி கேட்டார். அவள் எழுந்த வேகத்திலேயே பதில் சொல்லிவிட்டாள். அவர் தலையாட்டி உட்காரச் சொல்லிவிட்டு மேலே போனார். எனக்கும் அந்த மூலைக்கும் நடுவில் இப்போது முழு வகுப்பும் இருந்தது. அந்த மூலையைப் பார்த்து அவள் என்ன பதில் சொன்னாள் என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டுத்தான் எழுதிக்கொண்டேன்.