தெற்குச் சுவரின் கீழ்வரிகள்

ஏழெட்டு வருடம் இருக்கும். செந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில், பழைய சிவன் கோயிலுக்குக் கும்பாபிஷேக வேலை நடந்துகொண்டிருந்த சமயம். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதற்காக இல்லை, எனக்கே வெட்கமாக இருக்கிறது, அதனால்தான்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த இரும்பைச் சுத்தம் செய்வது என் வேலை. கம்ப்ரசரில் காற்றை ஏற்றி, மணலைக் கலந்து, குழாய் வழியாக வேகமாக அடித்தால் துரு, பழைய பெயிண்ட், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் பறந்துவிடும். பிளாஸ்டிங் என்போம். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளும் லாரிகளும் இருக்கிறவரை இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. பல வருடம் இன்னொருவரிடம் கூலிக்குக் குழாய் பிடித்துவிட்டு, பிறகு சொந்தமாக ஒரு கம்ப்ரசர் வாங்கினேன். தொழிலில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நான் கைவைத்த இடத்தில் ஒரு புள்ளி அழுக்குக்கூட மிஞ்சாது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலைத் தாண்டி இருக்கிறது. அப்பா காலம்வரை எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். இப்போது எங்களில் டிரைவர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், டவுனில் செல்போன் கடை வைத்திருப்பவர் இருக்கிறார். கோயில் விஷயத்தில் மட்டும் எதுவும் மாறவில்லை. உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை, நாங்களும் போவதில்லை. திருவிழாவின்போது ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு நாள் மண்டகப்படி உண்டு. அன்றைக்குச் சாமி அலங்காரம், பூஜை, புறப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு, மரியாதையும் அவர்களுக்கே. எங்கள் தெருவுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது.

அப்படியிருக்க, திருப்பணிக் கமிட்டித் தலைவர் ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் மனைவி கொடுத்த டீயைக் குடித்தார். என் அப்பாவைப் பெயர் சொல்லி ‘டா’ போட்டுக் கூப்பிட்ட மனிதர், என்னைத் தம்பி என்றார்.

“கோயில் செவுரு பூரா சுண்ணாம்பும் பெயிண்டுமா அப்பிக் கெடக்கு தம்பி. ஒன் மிஷின வச்சு அடிச்சா புதுக்கல்லு மாதிரி ஆயிடுமாமே? நம்ம கோயிலு, நீதான் செஞ்சு குடுக்கணும்.”

நம்ம கோயில் என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்துவிட்டேன். கூலியே வேண்டாம், என் உபயமாக இருக்கட்டும் என்றேன்.

அவர் போன பிறகு என் மனைவி, “பழைய கல்லுங்க, பாத்து செய்யுங்க. வெவரம் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்ல?” என்றாள். இரும்பையே உரிக்கிறவனுக்குக் கல் என்ன பெரிய விஷயம் என்று சிரித்தேன். பழைய கோயில் கல்லில் இப்படி மணல் அடிக்கத் தடை இருக்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வடக்குச் சுவரில் ஆரம்பித்தேன். காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்த பெயிண்ட் உரிந்து விழ, உள்ளேயிருந்து கல் பளீரென்று வந்தது. கோயிலுக்குள் நின்று வேலை செய்கிறேன், அதுவும் எல்லோரும் பார்க்கச் செய்கிறேன் என்ற நினைப்பில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தெற்குப் பக்கம் மட்டும் நிலைமை வேறு. அந்தச் சுவரை ஒட்டி, சாமிக்கு நைவேத்தியம் சமைக்கிற மடப்பள்ளியை எந்தக் காலத்திலோ கட்டியிருந்தார்கள். திருப்பணிக்காக அதை இடித்தபோதுதான் பின்னால் மறைந்து கிடந்த சுவர் வெளியே வந்தது. மேலே சில வரிகள் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கீழே முழுக்கச் சுண்ணாம்பும் புகைக்கரியும்.

இதைக் கேள்விப்பட்டு அன்றைக்கு ஒரு பெண் அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கல்வெட்டு ஆராய்ச்சி செய்கிற மாணவி. என் தங்கச்சி வயசு இருக்கும். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஈரப் பேப்பரை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் அமுக்கினாள். பேப்பர் காய்ந்ததும் மை ஒற்றினாள். கறுப்புப் பேப்பரில் எழுத்து மட்டும் வெள்ளையாக வந்து நின்றது. மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தேன். இத்தனை பொறுமை எனக்கெல்லாம் இந்த ஜென்மத்தில் வராது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் மேல்வரிகள்தான் முடிந்தன. கொண்டுவந்த பேப்பரும் தீர்ந்துவிட்டது.

“அண்ணா, கீழ இருக்கற வரியெல்லாம் சுண்ணாம்புக்குள்ள கெடக்கு. மெதுவா ஊறவச்சுத்தான் எடுக்கணும். வியாழக்கிழமை பேப்பரோட வந்துடறேன். அதுவரைக்கும் இந்தச் செவுத்த மட்டும் தொடாதீங்க.”

“நீ வாம்மா, நான் கைய வைக்க மாட்டேன்” என்றேன். அவள் தன் போன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கிளம்பும் முன் கமிட்டித் தலைவரிடமும் போய், படித்தவரைக்கும் வாசித்துக் காட்டினாள். நான் மறுபடி கம்ப்ரசரை ஓட்ட ஆரம்பித்திருந்தேன். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் மற்ற மூன்று பக்கமும் முடிந்துவிட்டது. தலைவர் வந்து சுற்றிப் பார்த்தார்.

“நாளைக்கு ஸ்தபதி ஆளுங்க சாரம் கட்ட வராங்க. தெக்குப் பக்கத்தையும் இன்னிக்கே முடிச்சிருப்பா.”

“அந்தப் பொண்ணு நாளைக்கு வரேன்னு சொல்லிருக்குங்கய்யா.”

“அதான் எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டுப் போயிடுச்சே. எனக்கு வாசிச்சே காட்டிச்சு.”

எல்லாவற்றையும் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சட்டைப் பையில் நம்பர் இருக்கிறது. ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. தலைவர் பேச்சைத் தட்ட முடியவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. மூன்று பக்கம் பளிச்சென்று இருக்க, ஒரு பக்கம் மட்டும் அழுக்காகக் கிடந்தது எனக்கே பொறுக்கவில்லை. காலையிலிருந்து அதைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. அழுக்குப் போனால் எழுத்து இன்னும் நன்றாகத் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் வேலை மிச்சம் என்று ஒரு சமாதானத்தையும் சொல்லிக்கொண்டேன்.

ஆலை டேங்குக்கு வைக்கிற அதே பிரஷரை வைத்தேன். சுண்ணாம்பு தூள்தூளாகப் பறந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எழுத்துகள் கூர்மையாக வெளியே வந்தன. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் குழாயை நகர்த்துவதற்குள் அவை மழுங்கிப் போயின. அடுத்த சாணுக்கு நகர்ந்தேன். அங்கேயும் அப்படித்தான். தெரிந்தன, போயின. நான் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சுவரில் திட்டுத் திட்டாகத் தெரியுமே என்றுதான் என் புத்தி போயிற்று. கடைசி வரி வரைக்கும் அடித்து முடித்துவிட்டுத்தான் முகமூடியைக் கழற்றினேன்.

அன்று சாயங்காலம் சன்னதிக்கு முன்னால் நிற்கவைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குருக்கள் விபூதி கொடுத்தார். எங்கள் தெருவில் யாருக்கும் கிடைக்காத மரியாதை. நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் பத்து மணி வாக்கில் அந்தப் பெண் வந்தாள். கக்கத்தில் பேப்பர்ச் சுருள். சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் போய் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினாள், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. கத்துவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “நீங்க சொன்னீங்களே அண்ணா” என்றாள், அவ்வளவுதான்.

பிறகு கீழே உட்கார்ந்து, பையிலிருந்து திங்கட்கிழமை மை ஒற்றி எடுத்த படியை விரித்தாள். “உங்க தெரு எங்க இருக்கு?” என்று கேட்டாள். கிழக்கே என்றேன். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கோயில் நிலத்துக்குத் தண்ணீர் தந்த ஏரியின் கரை ஒரு முறை உடைந்துபோயிருக்கிறது. ஊருக்குக் கிழக்கே சேரியில் இருந்தவர்கள்தான் அதை அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். கோயிலுக்கு ஒரு விளக்கும் வைத்திருக்கிறார்கள். ஐந்து பேருடைய பெயர் இருந்தது. அதில் ஒன்று பெண்ணின் பெயர். அதற்குப் பதிலாக, ‘இந்தக் கோயில் திருவிழாவில் இவர்களுக்கு’ என்று சொல்லி வரி முடிகிறது. மீதி அடுத்த வரியில். அடுத்த வரியிலிருந்துதான் நான் அழித்த இடம்.

“என்ன குடுத்தாங்கம்மா?” என்று கேட்டேன்.

“அது கீழ இருந்துச்சுண்ணா.”

வேறு எங்காவது இதற்கு நகல் இருக்காதா என்று கேட்டேன். இத்தனை காலம் மடப்பள்ளிக்குப் பின்னால் கிடந்த சுவரை யார் வந்து படித்திருக்கப் போகிறார்கள்? திங்கட்கிழமை போனில் எடுத்த படங்களைக் காட்டினாள். இரண்டு பேரும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். சுண்ணாம்புதான் தெரிந்தது. அவள் புகார் எழுதினாள். யார் யாரோ வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். கும்பாபிஷேகம் சொன்ன தேதியில் நடந்தது.

இதை நான் என் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அவளும் என்னை ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து எங்கள் தெருவில் எல்லோரும் கூடி, நமக்கும் ஒரு நாள் மண்டகப்படி வேண்டும் என்று கேட்கப் போனோம். கோயில் மண்டபத்தில் கூட்டம். அதே தலைவர். அவர் கோபப்படவே இல்லை.

“வழக்கத்துல இல்லாதத எப்படிப்பா நாம புதுசா ஏற்படுத்தறது? எழுத்து, ஆதாரம் ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க, பாக்கலாம்” என்றார். எல்லோர் முகத்தையும் பார்த்தவர், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு ஓடிப்போய், அந்தப் பெண் எனக்கு அனுப்பியிருந்த நகலைக் கொண்டுவந்து கொடுத்தேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“சரி, திருவிழாவுல இவங்களுக்குன்னு நிக்குது. அப்பறம்? பந்தம் புடிக்கச் சொல்லிருந்துச்சோ, வாசலக் கூட்டச் சொல்லிருந்துச்சோ, யாரு கண்டா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் பெரியப்பா மகன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன், என்மேல் உயிரையே வைத்திருப்பவர், கெஞ்சுகிற மாதிரி கேட்டார்: “அடிக்கறப்ப நீ பாத்தல்லடா? ஒரு எழுத்தாச்சும் ஞாபகம் இல்லையா?”

இல்லை. அந்தக் காலத்து எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. கோடும் சுழியுமாகத்தான் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கிறுக்கியதும் எனக்கு அப்படித்தான் தெரியும், அதுவும் அப்படித்தான் தெரிந்தது.

தலைவர் தெரிந்தே என்னை அவசரப்படுத்தினாரா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மேல்வரிகளை வாசிக்கக் கேட்டவர் அவர். இருந்தும் அவரைக் குற்றம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு வாய் அடைத்துவிடுகிறது. குழாயைப் பிடித்திருந்தது அவர் கை இல்லை.

அதற்குப் பிறகு நான் கோயில் வேலைக்குப் போவதில்லை. பெரம்பலூர், பாடாலூர் பக்கமிருந்து இன்னமும் யாராவது கூப்பிடுகிறார்கள். மாட்டேன் என்கிறேன், ஏன் என்றும் சொல்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை தடுத்துவிடலாம் என்று நானே வண்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அதற்குள் அங்கே சுவர் வெளுத்துவிட்டிருந்தது. “சூப்பரா வந்திருக்குல்ல?” என்று அந்த ஊர்க்காரர் என்னிடமே கேட்டார்.

எங்கள் தெருவுக்கு இன்றுவரை மண்டகப்படி கிடையாது. ஏரிக்கரையை அடைத்த அந்த ஐந்து பேரும், தங்கள் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக் கொடுத்தார்கள் என்பதைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார்கள். அத்தனை காலம் காத்திருந்த அந்த வரிகளைக் கடைசியாகப் பார்த்த கண் என்னுடையது.