பத்திர எழுத்தரின் கிராபிக்ஸ் கார்டு

பதினான்காவது முறையாகக் கணினியை அணைத்துப் போட்டுவிட்டு, வைரக்கண்ணு பச்சை அட்டை நோட்டை எடுத்து, "14. இப்போதும் இல்லை" என்று எழுதி, தேதி போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பமும் வைத்தார். அவருக்குக் கோபம் வந்தாலும் எழுத்துமூலமாகத்தான் வரும். பிறகு கணினியைப் பார்த்து, "ஏன்டா, உனக்கு என்னதான்டா கொற? சொல்லித் தொலையேன்!" என்றார். அது சொல்லவில்லை. சொல்லாததுதான் மனுஷனைக் கொன்றது.

ஆள், கூத்தாநல்லூர் பத்திர ஆபீஸுக்கு எதிர்ச்சாரியில் முப்பத்தோரு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். வயது ஐம்பத்தாறு. காதிடுக்கில் ஒரு பேனா, அது தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று சட்டைப் பையில் இன்னொன்று. டீக்கடைக்கு வழி கேட்டால்கூட, "வடக்க வாய்க்கா, கெழக்க மஜீது பாய் வீட்டுக் கொல்ல, இதுக்குள்ள அடங்குன கடை" என்று எல்லை சொல்லித்தான் அனுப்புவார். வலது கை விரல்களில் நீல மை எந்தச் சோப்புக்கும் போகாது. கையெழுத்துப் போடத் தெரியாத வயசாளிகளின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் உரிய இடத்தில் வைத்து எடுக்கிற கை அது. அந்த நேரத்தில் மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும். "இந்தா, இங்கதான். பதறாதீங்க" என்பார். மற்றபடி நாள் முழுக்கக் கத்தல்தான்.

வானத்தைப் படம் பிடிக்கிற கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கூட்டாளி அப்துல் மஜீதைக் கை காட்டுவார். மஜீது ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார். தொலைநோக்கி அவருடையது, காரும் அவருடையது, கேமரா வைரக்கண்ணுவுடையது. தை முதல் சித்திரை வரை அமாவாசை தவறாமல் இரண்டு பேரும் கோடியக்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். உப்பளத்துக்கு அப்பால் விளக்கு கிடையாதே! தெருவிலோ, வைரக்கண்ணு அமாவாசைதோறும் கடலில் முழுக்குப் போட்டு முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறார் என்று நல்ல பேர். அவரும் மறுத்ததில்லை. கெட்ட பேரா என்ன, மறுப்பதற்கு?

மூன்று வருஷமாக அவர்கள் துரத்தியது, தெற்கே கடலுக்கு மேல் கொஞ்ச நேரமே தலைகாட்டும் கரீனா நெபுலா என்கிற சிவப்பு வாயுமேகத்தை. ஆயிரத்து நானூறு படம். எல்லாவற்றையும் அடுக்கிச் சேர்த்து ஒரே படமாக்கிய சமயம் பார்த்து மஜீதின் கண் மங்கத் தொடங்கியது. சர்க்கரை. திரைக்கு மூக்கைத் தேய்த்துக்கொண்டு பார்த்துவிட்டு, "வெள்ளையா மாவு தெளிச்ச மாதிரி இருக்குய்யா. நம்ம செவப்பு எங்க?" என்றார். அந்த வெள்ளை மாவு, முன்னால் அப்பிக்கிடக்கும் நட்சத்திரக் கூட்டம். அதை நீக்கிவிட்டு, பின்னாலிருக்கும் சிவப்புப் புகையை மட்டும் எடுத்துக் காட்டினால் அவருக்குத் தெரியும். வரும் திங்கட்கிழமை அவருக்கு மதுரையில் கண் ஆபரேஷன். எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று டாக்டரே அடித்துச் சொல்லவில்லை. "அதுக்குள்ள காட்டிரு வைரம். அப்பறம்னா நீ சொல்ல நான் கேட்டுக்கத்தான் முடியும்" என்று மஜீது சிரித்தார். அந்தச் சிரிப்பு வைரக்கண்ணுவை மூன்று வாரமாகச் சாப்பிட விடவில்லை, தூங்க விடவில்லை.

நட்சத்திரத்தை நீக்க மென்பொருள் இருக்கிறது. ஆனால் படத்தின் ஒரு துண்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தது அவர் கணினி. படமோ பன்னிரண்டு துண்டு; நடுவில் நின்றால் மறுபடி முதல் துண்டிலிருந்து. போதாக்குறைக்கு, மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றுவட்டாரத்தில் ஆளாளுக்கு மோட்டாரைப் போடுவார்கள். வோல்டேஜ் இறங்கியோ கரண்டே போயோ, முக்கால்வாசி முடிந்த வேலை அப்படியே போய்விடும். கிராபிக்ஸ் கார்டு மாட்டினால் ஒரு நிமிஷ வேலை என்றார்கள். மாட்டினார். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, வேலை மட்டும் நடக்கவில்லை.

கார்டுக்கும் மென்பொருளுக்கும் நடுவே பேச்சு நடக்க ஒரு லைப்ரரி வேண்டுமாம். பத்தாம் பதிப்பை இறக்கினார். அது பொருந்தாது என்று இணையத்தில் ஒருவன் எழுதியிருந்தான், பதினொன்றை இறக்கினார். இன்னொருவன் பன்னிரண்டு என்றான், அதையும் இறக்கினார். மென்பொருளோ "முடியாது" என்றுகூடச் சொல்லாமல், கார்டு இருக்கிற பக்கமே திரும்பாமல், பழையபடி ஒன்றே முக்கால் மணி நேரம் உருட்டியது. திரையின் ஓரத்தில், கார்டு செய்த வேலை பூஜ்யம் சதவீதம் என்று காட்டிற்று. இந்த ஊர் ஆளாயிற்றே, உடனே கரண்டைச் சந்தேகித்து ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். அப்போதும் பூஜ்யம். "அறுபது வருஷத்து வில்லங்கத்த உக்காந்த எடத்துல எடுத்துருவேன். இந்தச் சனியனுக்கு எங்க வில்லங்கம்னே தெரியலயே!" என்று எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

சனிக்கிழமை காலையில் அனீஸா வந்தாள். மஜீதின் தம்பி மகள், கடைத்தெருவில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறவள். முன்பே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் தன் மேஜையில் இன்னொருவர் கை வைப்பது வைரக்கண்ணுவுக்கு ஆகாது. நோட்டில் பதினான்கு என்று பார்த்த பிறகுதான் இறங்கி வந்தார்.

அவள் இரண்டு நிமிஷம் பார்த்தாள். "என்ன மாமா இது? பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, மூணும் கெடக்கு?"

"பின்ன? பழசத் தூக்கிப் போடச் சொல்றியா?"

"சரி, கெடக்கட்டும். பத்த எதுக்கு எல்லாத்துக்கும் மேல வச்சிருக்கீங்க?"

"மூலப்பத்திரம் மேலதாம்மா இருக்கணும். அதுக்கடுத்து நடுவுல உள்ள கெரயம், கடைசியில இப்ப உள்ளது. வரிச மாறுனா கட்டு செல்லுமா?"

அனீஸா தலையில் கை வைத்துக்கொண்டாள். கணினிக்கு லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு பட்டியல் உண்டு. அது மேலிருந்து தேடிக்கொண்டு வரும். முதலில் கிடைத்ததை எடுக்கும். அது பொருந்தாவிட்டால் கார்டே வேண்டாம் என்று போய்விடும். புதிய பதிப்பு வந்தபோதெல்லாம் அது தானாக மேலே போய் உட்கார்ந்துகொண்டது. இந்த மகராசன் இரண்டு தடவையும் மெனக்கெட்டு அதைக் கீழே இறக்கி, பத்தாம் பதிப்பை முதலிடத்தில் குடியமர்த்தியிருக்கிறார்!

"கம்ப்யூட்டர் சரியாத்தான் வச்சிருக்கு மாமா. பன்னெண்டுதான் பொருந்தும், அத நீங்கதான் எறக்கி விட்டுருக்கீங்க. மேல உள்ள ரெண்டையும் தூக்குங்க."

"தூக்கிட்டு, நாளைக்கு யாராவது வந்து கேட்டா?"

"யாரு மாமா வந்து கேப்பா? பெரியத்தா கண்ணுக்கு நாளன்னிக்கு ஆபரேஷன்!"

வைரக்கண்ணு பச்சை நோட்டைத் திறந்தார். நீக்கப்போகிற இரண்டு வரிகளையும் எழுத்துப் பிசகாமல் படியெடுத்தார். "மேற்படி இரண்டும் நீக்கப்பட்டன" என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார். அனீஸா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அதற்கப்புறம்தான் அவர் விசையைத் தொட்டார், அதுவும் கண்ணை இறுக மூடிக்கொண்டு.

கணினி மறுபடி உயிர்பெற்றது. மென்பொருளை ஓட்டினார்கள். கார்டின் விசிறி முதல்முறையாக இரைந்தது. பூஜ்யம் தொண்ணூற்றேழு ஆயிற்று. முதல் துண்டு ஐம்பத்திரண்டு விநாடி. வெள்ளை மாவு முழுக்க விலகி, திரை கொள்ளாமல் சிவப்பு நின்றது. வைரக்கண்ணுவுக்குச் சந்தோஷம் வருவதற்கு முன் ஆத்திரம்தான் வந்தது. "மூணு வாரம்! அந்த மனுஷன் கண்ணுல மூணு வாரத்த நான் தின்னுட்டேனே!" என்று தலையிலடித்துக்கொண்டார். அனீஸா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அன்று மதியத்துக்குள் பன்னிரண்டு துண்டும் முடிந்து, சாயங்காலம் ஸ்டூடியோவில் பெரிய தாளில் அச்சாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மஜீது ஜன்னலோரம் உட்கார்ந்து படத்தை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டார். இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினார். மறுபடி இடப்பக்கம் வந்தார். "செவப்பு... ஆமாய்யா, செவப்பு. நடுவுல இருட்டா சாவித் துவாரம் மாதிரி இருக்குல்ல? இருவது வருஷம் வகுப்புல சொல்லிருக்கேன்யா இத. இப்பத்தான் பாக்குறேன்." அப்புறம் கோபமாக, "இதுக்கா மூணு வாரம்?" என்றார்.

பதிலுக்கு வைரக்கண்ணு படத்தை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் அவருடைய மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தது: "வடக்கே உப்பளம், கிழக்கேயும் தெற்கேயும் கடல், மேற்கே மஜீது பாய் கார் நிறுத்தும் கருவேலமரம். இதற்குள் நின்று இருவரும் எடுத்தது." அடியில் இரண்டு கோடு. ஒன்றில் அவர் கையெழுத்து இருந்தது.

"போடுங்க பாய்" என்று காதிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

மஜீது பேனாவைத் தாளில் வைத்தார். அது கோட்டுக்கு நான்கு விரற்கடை மேலே, வெற்றிடத்தில் தடவியது. "கோடு எங்கய்யா இருக்கு?" என்றார் வாத்தியார்.

வைரக்கண்ணு நீல மை படிந்த விரல்களால் அவர் கையைப் பிடித்து, பேனா முனையைக் கோட்டின் மேல் கொண்டுவந்து வைத்தார். "இந்தா, இங்கதான். பதறாதீங்க" என்றார். கையெழுத்தின் கடைசிப் புள்ளி விழும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை.