பூண்டிக்காரம்மாவின் பால்பவுடர் டின்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் டீச்சராக இருந்தேன். ஒரு நாள் காலை வத்தலக்குண்டு போகும் பஸ்ஸில், பூண்டி கிராமத்து அம்மா ஒருவர், நான் டீச்சர் என்று கண்டுகொண்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆண்கள் போடும் கம்பளிக் கோட்டு, மூக்கின் இருபுறமும் மூக்குத்தி, மடியில் ஒரு காலி பால்பவுடர் டின். வளைவுக்கு வளைவு டின்னைத் திறந்து வாந்தி எடுப்பார். வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

"பஸ் ஒத்துக்கலையாம்மா?" என்றேன்.

"பஸ் என்ன செய்யும் டீச்சரம்மா? சினைப்பையில புத்துக்கட்டியாம். அதக் கருக்க மதுரை ஆசுபத்திரியில கரண்டு வைக்கிறாங்க. அதுலருந்து பச்சத்தண்ணி குடிச்சாலும் பெரட்டுது. வீட்டுல வாந்தி எடுத்தா ஆளாளுக்கு அழுவாங்க. இங்க எல்லாருமே எடுக்குறாங்க, ஒருத்தரும் கண்டுக்கிறதில்ல. நிம்மதியா இருக்கு."

அந்த நேரம் பார்த்து முன்சீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். இருவரும் சிரித்துவிட்டோம்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஆபரேசன் செய்யலாமா வேண்டாமான்னு இன்னிக்கு என்னையச் சொல்லச் சொல்லியிருக்காங்க. நீங்க படிச்சவங்க. செஞ்சுக்கிறதா, வேண்டாமா?" என்று கேட்டார்.

இரண்டு வளைவு யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியலைம்மா" என்றேன்.

"பெரிய டாக்டரும் இதத்தான் சொன்னாரு. அதச் சொல்ல அவருக்கு அரை மணி நேரம் இங்கிலீசு வேண்டியிருந்துச்சு!"

வத்தலக்குண்டில் அவரைக் கைபிடித்து மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். முகத்தில் அதே சிரிப்பு. டின்னை மடியில் வைத்துக்கொண்டார். ஆபரேசன் நடந்ததா என்பது எனக்குத் தெரியவே இல்லை.