காலிக் கட்டங்கள்

மூன்றாவது நாளாகப் புதிய ப்ராசஸர் அதே இடத்தில் நின்றது. கல்லூரியில் நானும் நண்பனும் சேர்ந்து எழுதிய குட்டி நிரல்மொழியைப் பழைய ப்ராசஸரிலிருந்து இதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன், வில்லாபுரத்து வாடகை மாடியில் தனியாக. யாரும் கேட்கவில்லை. வேலை முடிந்த மாலைகளில் எனக்குப் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

நாகமலை புதுக்கோட்டை விடுதியில், கட்டம் போட்ட நோட்டில்தான் மெமரியை வரைவோம். ஒரு கட்டம், ஒரு பைட். எங்கள் மொழியின் ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் அதன் பெயர், அடுத்து ஓர் எண். பெயர் எங்கே முடிந்தாலும் எண்ணை நாலின் மடங்கான கட்டத்தில்தான் தொடங்க வேண்டும், இடையில் இருப்பதைக் காலியாக விடுவோம் என்றான் அவன். நான் ஒப்பவில்லை. இருந்ததே கைக்குட்டை அளவு இடம், அதில் தரிசு வேறா? அவன் எழுமலைப் பக்கம் விவசாய வீட்டுப் பிள்ளை.

"வரப்பையும் வெட்டி வயல்ல சேத்துட்டா எங்கிட்டு மாப்ள நடக்குறது?" என்றான்.

சண்டை முற்றியது. என் பிடிவாதம் ஜெயித்தது. படிப்பு முடிந்ததும் அவன் ஊருக்குப் போய்விட்டான். ஆறு வருடமாகப் பேச்சே இல்லை.

புதிய ப்ராசஸரோ, நாலின் மடங்கில் தொடங்காத எண்ணைத் தொடவே மறுத்தது. வேறு வழியின்றி அவன் சொன்ன காலிக் கட்டங்களை விட்டேன். உடனே ஓடியது. கூப்பிட்டுக் காட்ட ஒருவர்கூட இல்லாத அந்த அறையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீம்பை விட்டு அவனுக்குப் போன் போட்டேன்.

வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். நீ சொன்னதுதான் சரி, கட்டத்துக்காகச் சண்டை போட்டது என் தப்பு என்றேன். எந்தக் கட்டம் என்று கேட்டான். நோட்டிலிருந்து தொடங்கி எல்லாம் விளக்கினேன். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை.

"அதெல்லாம் மறந்துபோச்சு மாப்ள. 'போயி மாட்டுக்குப் புல்லறு, உனக்கெதுக்குக் கம்ப்யூட்டரு'ன்னு அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொன்னியே, அதான் மறக்கல."

சொன்னேனா? எவ்வளவு துழாவியும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஆனால் அவன் பொய் சொல்கிறவன் இல்லை. நான் வாய் திறப்பதற்குள் மடை உடைந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டான். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன், கேட்க வேண்டியதற்குக் கேட்கவே இல்லை.