முகத்துவாரத்தில் ஒரு தண்ணீர் மில்

டோல்கேட் பக்கம் எங்களுக்கு ஒரு மாவு மில். அதை நான் பார்த்துக்கொண்டேன். மோட்டாரோ பெல்ட்டோ மக்கர் செய்தால், தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன் வந்து சரிசெய்வார். ஒருமுறை அவர் வடக்கே மலைக்கோயில் யாத்திரை போய்வந்தார். சாமியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஓடைத் தண்ணீர் கல்லைச் சுழற்றி மாவு அரைக்கும் ஒரு பழைய குடிசையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஓடை சட்டென்று இறங்கும் இடமாகப் பார்த்து, மேலிருந்து வாய்க்கால் வெட்டி, வெள்ளம் தொடாத மேட்டில் அதைக் கட்டியிருந்தார்களாம்.

எண்ணூரில் அப்படி ஒன்று வைக்க ஆசைப்பட்டார். நெட்டுக்குப்பத்தில் இருந்த அவருடைய மீனவ தோஸ்து சிரித்தார்.

“ஆறு இங்க பட்த்துகினு கீது மாமு. எங்கேர்ந்து எறங்கும்?”

உண்மைதான். கடலைத் தொடும் இடத்தில் கொசஸ்தலையாற்றுக்கு இறக்கமே கிடையாது. ஆனால் கழிமுகத்தில் கடல் ஏறும், வற்றும். அண்ணன் அதைத்தான் கவனித்தார். கரையோரம் யாரும் பயன்படுத்தாத உப்பளப் பாத்தி ஒன்று கிடந்தது. கடல் ஏறும்போது அதில் நீரைத் தேக்கி, வற்றும்போது மதகைத் திறந்தால் சக்கரம் சுற்றும் என்றார். நிலத்துக்காரரும் சரி என்றார். பழைய படகுப் பலகையில் சக்கரம் செய்ய அந்த மீனவரே கைகொடுத்தார்.

சுற்றியது. நான் கொண்டுபோன கேழ்வரகை முனகிக்கொண்டே மெதுவாக அரைத்தது. மாவு சூடேறவே இல்லை. வேடிக்கை பார்த்த குப்பத்துப் பெண்கள் மறுநாள் தானியத்தோடு வந்தார்கள். அண்ணன் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

அடுத்த கோடையில் முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்தது. கடல் உள்ளே ஏறாமல் சக்கரம் நின்றது. வழக்கமாக அடைப்பதுதான், மழைவெள்ளம் உடைத்துவிடும் என்று மீனவர் ஆறுதல் சொன்னார். மழை வருவதாக இல்லை. பாத்தியில் சேறு காய்ந்து வெடித்தது. அண்ணன் மண்வெட்டியோடு போய் மணலில் கால்வாய் வெட்டினார். குப்பத்து ஆட்களும் கூட வெட்டினார்கள். அலை மூடிக்கொண்டே இருந்தது.

பிறகு மழை ஒரேயடியாகக் கொட்டியது. திட்டு உடைந்தது. ஆறு போன வேகத்தில் பாத்திக்கரை, மதகு, சக்கரம் எல்லாம் கடலுக்குப் போயின.

“மலையில மேடு பார்த்து வெச்சாங்க,” என்றார் அண்ணன். “இங்க மேடு எங்க கீது?”

அதன்பின் அவர் எண்ணூர்ப் பக்கம் போவதில்லை. முகத்துவாரம் நன்றாகத் திறந்திருக்கிறது, வா என்று மீனவர் சில சமயம் போன் செய்வார். வேலை இருக்கிறது என்று சொல்லி அண்ணன் வைத்துவிடுவார். இன்னும் ஒரு வருஷமாவது அது சுற்றியிருக்கக் கூடாதா என்று எனக்குத்தான் மனசு ஆறவில்லை.